ஒரு காலா, இரண்டு காலா

மயக்க மருத்துவத்துக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு முதலில் ஒரு நற்செய்தி. நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்பது இனி வாழ்நாள் முழுவதும் யாருக்கும் புரியப்போவதில்லை. உறவினர்கள் "ஊசி போட்டுத் தூங்க வைக்கிற வேலை" என்பார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது, "அதுக்கும் டாக்டருக்குத்தான் படிக்கணுமா?" என்று சாம்பார் வாளியோடு நின்று கேட்பார்கள். அறுவை செய்தவரின் பெயரை நோயாளி பேரப்பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லுவார். உங்கள் பெயரைக் கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றும் நேரத்தில் நீங்களே அவரைத் தூங்க வைத்திருப்பீர்கள்.

இந்தத் தொழிலில் எனக்குப் பெருமை தந்த காலைகளைப் பற்றிச் சொல்லச் சொன்னீர்கள். நான் ஒருவரைத் தூங்க வைக்க மறுத்த காலையைச் சொல்கிறேன். அன்றாடம் நடந்ததை எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு; ஆகவே பேசியவர்கள் பேசியபடியே வருவார்கள். எனக்கு ஏற்றபடி யாரையும் திருத்தவில்லை, என்னைத் தவிர.

ஓசூரில் நான் கடைசியாக வேலை பார்த்த தனியார் மருத்துவமனையில் "சிமெண்ட் கேஸ்" என்று ஒன்று அடிக்கடி வரும். வயதான பெண்களுக்கு எலும்பு உள்ளே புரையோடி, வெளியே ஒன்றும் தெரியாமல் இருக்கும். ஒருநாள் குடம் தூக்கும்போதோ வண்டியில் குலுங்கும்போதோ முதுகெலும்பில் ஒரு கட்டை, மிதித்த தகர டப்பா மாதிரி, அமுங்கிவிடும். முன்பெல்லாம் இதற்குப் படுக்கையும் பெல்ட்டும் கடவுளும்தான். இப்போது முதுகைக் கிழிக்காமல், தோல் வழியாக ஓர் ஊசியை அந்த நொறுங்கிய கட்டைக்குள் செலுத்தி, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே, குழைத்த எலும்பு சிமெண்டை உள்ளே விடுகிறார்கள். சில நிமிடங்களில் அது இறுகிக் கட்டையைத் தாங்கிக்கொள்ளும். தழும்பு என்று பார்த்தால் கொசு கடித்த அளவுதான்.

ஆபத்தும் அதே அளவு சிறிய இடத்தில்தான் இருக்கிறது. அந்தக் கட்டைக்குப் பின்னாலேயே நரம்புகள் போகின்றன. சிமெண்ட் பின்பக்கம் கசிந்து நரம்பைத் தொட்டால் காலில் தீப்பற்றியது போல எரியும். மோசமாகப் போனால் கால் விளங்காமலே போகலாம். திரையில் தெரிவதற்கு முன்பே நோயாளிக்குத் தெரிந்துவிடுவதும் உண்டு. அதனால் எங்கள் இடத்தில் முழு மயக்கம் கொடுப்பதில்லை. இடத்தை மரத்துப்போக வைத்து, கொஞ்சமே கொஞ்சம் தூக்க மருந்து கொடுத்து, குப்புறப் படுக்க வைத்து, தலைமாட்டில் நான் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பேன். இத்தனை படித்து நான் செய்த வேலை அதுதான். அரட்டை.

முனிரத்தினம்மா குருபரப்பள்ளிக்கு உள்ளே இருக்கும் ஒரு கிராமத்தவர். அறுபதைத் தாண்டியவர், சர்க்கரையும் உண்டு. கணவர் இல்லை. கொஞ்சம் மாமரம், கொஞ்சம் கேழ்வரகு, ஒரு மாடு. ஊத்தங்கரையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது பஸ்ஸில் கடைசி சீட் கிடைத்திருக்கிறது. வேகத்தடையை டிரைவர் பார்க்கவில்லை. மேலே எழும்பி உட்கார்ந்த இடத்திலேயே விழுந்தார். அன்றிலிருந்து வாயு என்றார்கள், எண்ணெய் போட்டு நீவினார்கள், பெல்ட் கட்டினார்கள். யாராவது தூக்காமல் படுக்கையில் புரள முடியாத நிலையில் எங்களிடம் வந்தார்.

தூக்குகிற ஆள் அவருடைய மகள் மஞ்சுளா. போச்சம்பள்ளியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. கம்பெனி பஸ் வீட்டு முனைக்கே வரும். அம்மாவைப் பார்த்துக்கொள்ள லீவு போட்டு, லீவை நீட்டி, நீட்டியதையும் நீட்டிவிட்டார். இனிமேல் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். ஆகவே அம்மா எழுந்து தானாகக் கழிப்பறைக்குப் போனால் மகளுக்கு வேலை இருக்கும், இல்லையென்றால் இல்லை. அந்த ஒரு கட்டை எலும்பின் மேல் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

முந்தைய நாள் வார்டில் அவர்களைப் பார்க்கப் போனேன். எங்கள் முதுகெலும்பு நிபுணரும் வந்தார். நாகர்கோவில்காரர், வயதில் எனக்கு இளையவர், கை மிகவும் சுத்தம். ஓசூருக்கு வந்து இரண்டாவது குளிர்காலம். ஸ்வெட்டர் வாங்கிவிட்டார், பாஷை இன்னும் வாங்கவில்லை. அவர் சிமெண்ட் என்ற வார்த்தையைச் சொன்னதும் மஞ்சுளா தன் அம்மாவைப் பார்த்தார். அம்மா டாக்டரைப் பார்த்தார்.

"வூடு கட்டறதா, சார்?"

"அது இல்லம்மா. இது எலும்புக்குன்னு தனியா உள்ளது."

"எத்தினி நாளு தண்ணி ஊத்தணும்?"

"தண்ணியெல்லாம் ஊத்த வேண்டாம். சீக்கிரமே இறுகிரும்."

"தண்ணி ஊத்தாத சிமெண்ட் வெடிச்சிடுமே சார்" என்றார் முனிரத்தினம்மா. வீடு கட்டியவர், அனுபவத்தில் பேசினார்.

மஞ்சுளாவுக்கு வேறொரு யோசனை. "சார், மத்த எலும்பும் இதே மாதிரிதான் இருக்குதுன்னீங்க. அப்ப அதுக்கும் சேத்து ஒரே வாட்டி ஊத்தி வுட்டுடுங்களேன். மறுபடி மறுபடி லீவு போட முடியாது."

சிரித்துவிடாதீர்கள். இந்தச் சிகிச்சையின் பலவீனத்தை அந்தப் பெண் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். நாம் ஒரு கட்டையைச் சரிசெய்கிறோம். அதற்கு மேலும் கீழும் இருப்பவை அதே புரையோடு வரிசையில் நிற்கின்றன. உடையாத எலும்பில் யாரும் சிமெண்ட் ஊற்றுவதில்லை. அவற்றுக்கு மருந்தும் மாத்திரையும் வெயிலும் நடையும்தான் தேவை. அதைச் சொன்னால் வீட்டாருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஊசியில் முடிகிற காரியத்தை வருடக்கணக்கில் இழுப்பதாக நினைப்பார்கள்.

நான் என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "வீட்டுல என்ன பாஷை பேசுவீங்கம்மா?"

"எல்லாம் பேசுவோம்."

இந்தப் பக்கத்தில் இதுதான் சரியான பதில். ஆனால் எனக்கு உதவாத பதில். தூக்க மருந்து கொஞ்சம் உள்ளே போனதும், மனிதர்கள் தாங்கள் முதலில் பேசிய பாஷைக்குப் போய்விடுவார்கள். அது எது என்று தெரிந்துகொள்ளாமல் ஊசி போடாதீர்கள். விடாமல் கேட்டேன்.

"எங்களுக்குள்ள தெலுங்கு. பேங்க்கு, ஆஸ்பத்திரின்னா தமிழு. மாட்டுகிட்ட கன்னடம்."

"மாட்டுகிட்ட ஏன் கன்னடம்?"

"மாலூருல வாங்கினது. வேற எதுவும் அதுக்கு வெளங்காது" என்றார்.

மறுநாள் மார்கழிக் குளிர். ஓசூரின் மார்கழியை நம்பி வெளியூர் டாக்டர்கள் வீடு வாங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆபரேஷன் தியேட்டருக்குள் அதே குளிர் நோயாளிக்கு ஆகாது. நோயாளியைக் கதகதப்பாக வைக்கும் வெப்பக்காற்று இயந்திரம் அன்று பக்கத்துத் தியேட்டரில் ஒரு பெரிய அறுவைக்குப் போயிருந்தது. முனிரத்தினம்மாவைக் குப்புறப் படுக்க வைத்தோம். மரத்துப்போகும் ஊசி போட்டார் நாகர்கோவில்காரர். பச்சைத் துணிகளை விரித்தார்கள். முதுகில் ஒரு கை அகல ஜன்னலைத் தவிர அவர் முழுவதும் துணிக்குள் போய்விட்டார். என் பக்கத்தில் ஒரு கன்னமும் ஒரு காதும் மட்டும் இருந்தன. நான் ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்துகொண்டு அந்தக் காதோடு பேச ஆரம்பித்தேன்.

"இந்த வருஷம் மா எப்படிம்மா?"

"பூ வுட்டிருக்குது. பனி பேஞ்சா கருகிடும்."

"மாட்டை யார் பாத்துக்கறா?"

"பக்கத்து வூட்டு அம்மா. அதுக்குக் கன்னடம் வராது. மாடு பட்டினியாத்தான் கெடக்கும்."

இப்படிப் போய்க்கொண்டிருந்தது. ஊசி கட்டைக்குள் சரியான இடத்தில் இறங்கியது. எக்ஸ்ரே இயந்திரத்தின் வளைந்த கையை மேலிருந்து பக்கவாட்டுக்குத் திருப்பினார்கள். சிமெண்டைக் குழைத்தார்கள். எங்கள் சிஸ்டர் ஸ்டெல்லா, இன்னொரு ஊசிக் குழாய் கொண்டுவர ஸ்டோருக்குப் போனார். சிமெண்ட் உள்ளே போக ஆரம்பித்தது. திரையில் அது கறுப்பு மேகம் மாதிரி கட்டைக்குள் மெதுவாகப் பரவும். பார்க்க அழகாகவே இருக்கும்.

அப்போது காது பேசியது.

"எவரோ காலு பட்டுகோனி உண்டாரு."

தெலுங்குக்குப் போய்விட்டார். யாரோ காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்களாம். கால்மாட்டைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. துணி மட்டும்தான்.

"என்ன சொல்லுதாங்க மேடம்?" என்றார் நிபுணர், திரையிலிருந்து கண் எடுக்காமல்.

"யாரோ காலைப் பிடிக்கிறாங்கன்னு சொல்றாங்க."

"கால் புடிக்குதா? புடிப்பா, இல்ல ஆள் புடிக்காங்களா?"

நல்ல கேள்வி. தமிழில் கால் பிடிப்பது என்றால் தசைப்பிடிப்பு. காலை ஒருவர் பிடிப்பது வேறு. முதலாவது நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். இரண்டாவது தூக்க மருந்தின் கனவாக இருக்கலாம். நான் "ஆள்" என்றேன். "அப்பம் சரி" என்று அவர் இன்னும் கொஞ்சம் செலுத்தினார், முன்னைவிட மெதுவாக.

அடுத்தது வந்தது, சத்தமாக.

"காலு கால்தா உண்டாதி."

கூடவே துணிக்குள் உடம்பு அசைந்தது. நிபுணரின் கை அப்படியே நின்றது. முகமூடிக்கு மேலே தெரிந்த நெற்றி வெளுத்துப்போனது.

"ரெண்டு காலா? ரெண்டு தடவல்லா சொன்னாங்க. ரெண்டு காலுமா, மேடம்?"

அவர் ஏன் பயந்தார் என்பது உங்களுக்குப் புரியும். ஒரு காலில் என்றால் ஒரு நரம்பு. இரண்டு கால் என்றால் நடுவில் போகும் தண்டுவடமே மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். அந்த நொடியில் அவர் மனதுக்குள் முதுகைத் திறந்து பெரிய அறுவைக்கே போயிருப்பார். நாகர்கோவில்காரருக்குக் கேட்டது கால், கால் என்று இரண்டு கால். தெலுங்கில் 'காலு' என்றால் கால். 'கால்தா உண்டாதி' என்றால் எரிகிறது, சுடுகிறது. இந்த எல்லையில் மட்டும்தான் ஒருவருக்கு இரண்டாவது கால் இப்படிச் சும்மா முளைக்கும்.

"ரெண்டு இல்லை. ஒரு கால்தான். எரியுதாம்" என்றேன்.

எனக்குத் தெரியும், நான் சொன்னதும் நல்ல செய்தி இல்லை. எரிகிற ஒரு கால்தான் எங்கள் பாடப்புத்தகங்களில் இருக்கிற கால். ஆனால் இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைந்ததில் அவருக்குப் போன உயிர் பாதி வந்தது. திரையைக் குனிந்து பார்த்தார். படத்தை நேராக எடுத்தார், பக்கவாட்டில் எடுத்தார்.

"ஒரு கசிவும் இல்ல, மேடம். பின்சுவர் கிளீனா இருக்கு. எரியுதுன்னா சிமெண்ட் சூடாத்தான் இருக்கும். இறுகும்போது சூடாகும்லா."

"முதுகுல வெச்ச சிமெண்ட் கால்லயா சுடும்?"

"அமுக்கத்துக்கு அப்படித் தோணும். இன்னும் பாதிதான் போயிருக்கு. அவங்க அசையுதாங்க, ஊசி உள்ள நிக்கி. கொஞ்சம் தூங்க வைங்க. இறுகதுக்கு முன்ன முடிச்சிருதேன்."

அவரை வில்லனாக்கிவிடாதீர்கள். அவர் சொன்னது ஒவ்வொன்றும் நியாயம். ஊசி முதுகெலும்புக்குள் நிற்கும்போது நோயாளி துள்ளினால், சிமெண்டால் வராத கேட்டை அந்த ஊசியே கொண்டுவரும். சிமெண்ட் காத்திருக்காது, குழைத்துவிட்டால் அது தன் போக்கில் இறுகும். படத்தில் ஒன்றும் இல்லை. தூக்க மருந்தின் ஊசி ஏற்கெனவே என் கையில் இருந்தது. கட்டைவிரலைக் கொஞ்சம் அழுத்தினால் போதும்: முனிரத்தினம்மா பேசமாட்டார், அசையமாட்டார், நிபுணர் அழகாக முடிப்பார், நாம் எல்லோரும் வெளியே போய்க் காபி குடிக்கலாம். தியேட்டரில் தவறுகள் முரட்டுத்தனமாக வந்து கதவைத் தட்டுவதில்லை. மிகவும் நியாயமான குரலில், உதவி செய்வதுபோலக் கேட்கும்.

நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு பேராசிரியர் இருந்தார். யாரிடமும் அதிகம் பேசமாட்டார்; எங்களுக்குப் பாடமும் ஒழுங்காக எடுத்ததில்லை. ஆனால் அறுவை மருத்துவர் எதையாவது அவசரமாகக் கேட்டால், முதலில் கையில் இருக்கும் ஊசியைத் தட்டில் வைத்துவிடுவார். அதன் பிறகுதான் வாயைத் திறப்பார். கையில் இருந்தால் விரல் தானாகவே ஒத்துக்கொண்டுவிடும் என்று ஒருமுறை முணுமுணுத்தார். அதை அவருடைய விசித்திரங்களில் ஒன்றாகவே நாங்கள் சேர்த்திருந்தோம்.

நான் ஊசியைத் தட்டில் வைத்தேன்.

"நிறுத்துங்க. அவங்க பேசட்டும்."

"மேடம், இறுகிரும்."

"இறுகட்டும்."

"பாதிதான் போயிருக்கு. வலி போகலைன்னா?"

"வலி போகலைன்னா அது நாளைக்கு. கால் போச்சுன்னா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை ஒன்றும் இல்லை. ஆனால் கையை எடுத்துவிட்டார். அதற்காக அவருக்கு என்றைக்கும் நன்றியுள்ளவள். கையை எடுக்காமல் இன்னும் கொஞ்சம் மட்டும் என்று முயன்றவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நான் குனிந்து காதோடு பேசினேன். என் தெலுங்கு, பஸ் நிலையத்தில் வழி கேட்கிற தெலுங்கு.

"அம்மா, ஏ காலு?"

"ஈ காலு" என்றார்.

இந்தக் கால். குப்புறப் படுத்து, துணிக்குள் இருக்கும் ஒருவர் இந்தக் கால் என்றால் அது எந்தக் கால்? விரலை ஆட்டச் சொன்னேன். துணி ஆடியது. எந்தப் பக்கத்துத் துணி என்பதில் எனக்கும் எக்ஸ்ரே ஆளுக்கும் கருத்து வேறுபாடு. அந்த நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு ஸ்டெல்லா வந்தார், கையில் ஊசிக் குழாயோடு.

"சிஸ்டர், கால் பக்கத் துணியைத் தூக்கி, விரல் அசையுதான்னு பாருங்க. எது அசையுது, எது அசையலைன்னு சொல்லுங்க."

அவர் துணியைத் தூக்கினார். குனிந்தார். பதில் வரவில்லை. எங்களுடைய தொழிலில் பதில் வராத சில நொடிகள் எவ்வளவு நீளம் என்பதை நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

"சிஸ்டர்?"

அவர் நிமிர்ந்தபோது கையில் இன்னொரு கை இருந்தது. வெளிறிய, வீங்கிய, ஐந்து விரலும் விறைத்த ஒரு கை. அறுவைக் கையுறை. அதில் வெந்நீர் நிரப்பி மணிக்கட்டில் முடிச்சுப் போட்டிருந்தது.

நடந்தது இதுதான். துணி விரிப்பதற்கு முன்னால் முனிரத்தினம்மா, "காலு ஐஸ் மாதிரி கீது, சிஸ்டர்" என்றிருக்கிறார். இயந்திரம் பக்கத்துத் தியேட்டரில். ஸ்டெல்லா, பல ஊர் தியேட்டர்களில் செய்வதுபோல, தேநீர்க் கெட்டிலில் இருந்த வெந்நீரைக் கையுறையில் பிடித்து, துண்டில் சுற்றிப் பாதங்களுக்கு நடுவில் வைத்தார். எக்ஸ்ரே இயந்திரத்தின் கையைத் திருப்பியபோது அது துண்டை இழுத்துவிட்டது. கையுறை, ஐந்து விரலையும் விரித்துக்கொண்டு, வலது பாதத்தின் மேல் நேராக உட்கார்ந்துவிட்டது.

யாரோ காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார். பிடித்துக்கொண்டிருந்தது ஒரு கை. கால் சுடுகிறது என்றார். சுட்டது. அந்த அறையில் இரண்டு நிபுணர்கள் இருந்தோம், ஓர் எக்ஸ்ரே திரையும் இருந்தது. நடப்பதை நடந்தபடியே சொல்லிக்கொண்டிருந்தது மயக்க மருந்து ஏறியவர் மட்டும்தான்.

வலது பாதத்தின் மேல் சிவந்து ஒரு கொப்பளம் கிளம்பிக்கொண்டிருந்தது. இரண்டு காலிலும் விரல்கள் நன்றாக ஆடின. நான் தூக்க மருந்தை ஏற்றியிருந்தால் அவர் காலை இழுத்திருக்கமாட்டார், சொல்லியிருக்கமாட்டார். நாங்கள் காபிக்குப் போகும்வரை அந்தக் கை அங்கேயே உட்கார்ந்திருக்கும். சர்க்கரை உள்ள, ரத்த ஓட்டம் குறைந்த வயதான பாதத்தில் அப்படி ஒரு சூட்டுப் புண் வந்தால் முதுகு நிமிர்ந்தும் அவர் நடந்திருக்கமாட்டார். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நான் பயந்தது நரம்புக்காக. நரம்பில் ஒன்றும் இல்லை. தப்பான காரணத்துக்காகச் சரியாக நின்றேன். இதை என் திறமை என்று யாராவது பாராட்டினால் மறுக்கமாட்டேன். உங்களிடம் மட்டும் சொல்லிவைக்கிறேன்.

சிமெண்ட் குழாய்க்குள் இறுகிக் கல்லாகிவிட்டது. நிபுணர் ஊசியை எடுத்தார்.

"பாதி" என்றார். அதற்குப் பிறகு அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

மறுநாள் காலை நான் வார்டுக்குப் போனபோது முனிரத்தினம்மா கட்டிலில் தானாக எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கழிப்பறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு தனியாகவே போய்வந்தாராம். எலும்புக்கு நம் அளவுகள் தெரியாது. பாதி போதும் என்று அது முடிவுசெய்திருந்தது. ஆனால் வார்டில் மகிழ்ச்சி இல்லை. மஞ்சுளா அம்மாவின் பாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மேடம், ஊசி போட்டது முதுகுல. கால்ல எப்படிக் கொப்பளம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பதிலையும் சொன்னார். "சிமெண்ட் கீழ எறங்கிடுச்சா?"

நிபுணரும் நானும் சேர்ந்தே போய் நடந்ததை மறைக்காமல் சொன்னோம். ஸ்டெல்லா தானாகவே வந்து, "நான்தான் வெச்சேம்மா, குளிருதுன்னு சொன்னாங்க" என்றார். மஞ்சுளா மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"கையுறையில சுடுதண்ணியா? இத்தாம் பெரிய ஆஸ்பத்திரில அப்படியெல்லாமா செய்வாங்க? சும்மா சொல்லாதீங்க மேடம். எறங்கினா எறங்கிச்சின்னு சொல்லுங்க."

இளையவர்களே, உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று எல்லோரும் உங்களுக்கு அறிவுரை சொல்வார்கள். நானும் சொல்கிறேன். அதை நம்புவார்கள் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். எங்கள் உண்மையைவிட அவருடைய பொய் அறிவியலுக்கு நெருக்கமாக இருந்தது. குருபரப்பள்ளிப் பக்கத்தில் இன்றும் சில வீடுகளில், முதுகில் வைக்கிற சிமெண்ட் ஒழுங்காக இறுகாவிட்டால் பாதம் வரை வந்துவிடும் என்று நம்புகிறார்கள் எனக் கேள்வி.

நிர்வாகமும் தன் கடமையைச் செய்தது. வெந்நீர்க் கையுறை கூடாது என்று தியேட்டர் சுவரில் ஏற்கெனவே ஓர் அறிவிப்பு இருந்தது. அதன் பக்கத்தில் அதையே இன்னும் பெரிய எழுத்தில் ஒட்டினார்கள். கெட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வெப்பக்காற்று இயந்திரம் இன்னொன்று வாங்குவது பரிசீலனையில் இருந்தது. நான் ஓய்வு பெறும்போதும் அங்கேயே இருந்தது. ஆக, அந்தச் சம்பவத்தால் நிச்சயமாக நின்றுபோனது எங்கள் தேநீர்தான். ஸ்டெல்லாவிடம் விளக்கம் கேட்டு ஒரு கூட்டம் போட்டார்கள். அவர் அழுதார். அந்தக் கூட்டத்தில் நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்: செய்தது தவறுதான், இனிச் செய்யக்கூடாது, ஆனால் அந்தப் பெண்மணிக்குப் பாதம் என்று ஒன்று இருப்பதை அன்று காலை நினைத்துப் பார்த்தது அவர் ஒருவர்தான். மற்ற எங்களுக்கு அந்த அம்மா ஒரு கட்டை எலும்பும் ஒரு காதும்.

பிறகு மறுபரிசோதனைக்கு முனிரத்தினம்மா வந்தார். நடந்தே வந்தார். மஞ்சுளா கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தார். மதிய ஷிப்டுக்கு நேராகப் போகிறாராம். நிபுணர் என்னையும் கூப்பிட்டனுப்பினார். மொழிபெயர்ப்புக்கு என்றார். அன்றைக்கு அது தேவைப்படாது என்பது அவருக்குத் தெரியவில்லை.

"முதுகு எப்படிம்மா இருக்கு?"

"முதுகா? அது அன்னிக்கே செரியாப் போச்சி சார். இத்தப் பாருங்க" என்று பாதத்தை நீட்டினார்.

முதுகெலும்புக்கென்று வெளிநாட்டில் போய்ப் படித்துவந்த மனிதர், முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆறிக்கொண்டிருந்த கொப்பளத்துக்குக் கட்டுப் போட உட்கார்ந்தார். எலும்பு பலப்பட எழுதிக்கொடுத்த மருந்தை விடக்கூடாது, விட்டால் அடுத்த கட்டையும் போகும் என்று பாதத்தைப் பார்த்தபடியே விளக்கினார். முனிரத்தினம்மா அவருடைய குனிந்த தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அன்னிக்கு என்னத் தூங்க வெக்கச் சொன்னது நீங்கதான?"

அன்று தியேட்டரில் அவர் தெலுங்கில்தான் பேசினார். ஆகவே அவர் முதுகுக்கு மேலே நாங்கள் தமிழில் பேசியது எங்களுக்குள் மட்டும் இருந்தது என்று இரண்டு பேருமே நினைத்திருந்தோம். பேங்க்குக்கும் ஆஸ்பத்திரிக்கும் தமிழ் என்று அவர் முந்தைய நாளே சொல்லியிருந்தும்.

"ஆமாம்மா" என்றார் நிபுணர். பிறகு, "நீங்க அசைஞ்சீங்கல்லா, பயந்துட்டேன்."

"பயந்தது நீங்க. என்ன எதுக்குத் தூங்க வெக்கணும்?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நிபுணர் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்க அதில் ஒன்றும் இல்லை. அவர் மறுபடி குனிந்து, சின்னக் கட்டுத்தான், அதைப் போட்டு முடிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.